பதினேழு குழி, மூன்று பல்

மாதாகோயிலில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை இஞ்ஞாசிமுத்து, கோழி அறுக்கக்கூடப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுகிற ஆள். அவர்தான் எழுபத்தி நாலாம் வருஷம் ஐப்பசியில், கிராம முன்சீப் வேலுச்சாமியின் தலைமுடியைப் பிடித்துத் தெருவழியே தரதரவென்று இழுத்து வந்தார். ஊரே பார்த்தது. ஒருவரும் விலக்கவில்லை.

தேவாரம் என்ற ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது சவேரியார்பட்டி. அறுபது வீடு, அத்தனையும் வேதக்காரக் கிறிஸ்தவர்கள், அத்தனைக்கும் ஒரே கிணறு. அந்த மழையில் கிணற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. காலையில் கடலைக்காட்டுக்குப் போனவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, விளக்கு வைப்பதற்குள் பிணமானான்.

அங்கே சாவு விழுந்தால் கோயில் மணி அடிக்க வேண்டும். ஓடைக்கு அக்கரையில் குடியிருந்த முன்சீப்புக்கு அது வசதியாகப் போயிற்று. இருபது வருஷமாக அவர் சாவுப் பதிவேட்டைக் காதால்தான் நடத்தி வந்தார். மணி கேட்டால் தலையாரியை அனுப்பிப் பெயர் கேட்டு எழுதுவார். கேட்காவிட்டால் சாவு இல்லை. இப்படி நோகாத உத்தியோகம் யாருக்குக் கிடைக்கும்?

முதல் வாரம் ஏழு பேர் போனார்கள். முன்சீப் ஏழையும் வயிற்றுப்போக்கு என்றே எழுதினார். காலரா என்று எழுதினால் சந்தையை மூடிவிடுவார்கள், சந்தையில் பாதிக் கடை அவர் மச்சான்களுடையது. இந்தப் பக்கம், படுத்துக் கிடந்தவர்கள் மணிச் சத்தம் கேட்டே நடுங்கிச் செத்தார்கள். நோய் தணியும் வரை மணி வேண்டாம் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். இஞ்ஞாசிமுத்து மேலே ஏறி, மணியின் நாக்கில் மனைவி பாக்கியத்தின் பழைய சேலையைச் சுற்றிக் கட்டினார். நாலாம் நாள் பாக்கியத்தையே புதைத்தார்கள். அவளுக்கும் மணி இல்லை. அவளோடு சேர்த்துப் பத்துப் பேர் சத்தமில்லாமல் குழிக்குள் போனார்கள்.

அப்புறம் எட்டு வயது மகள் செலினுக்கும் வாந்தி கண்டது. அவளுடைய கண் குழிவிழுந்ததைப் பார்த்ததும் இஞ்ஞாசிமுத்து ஓடையைத் தாண்டி ஓடினார். முன்சீப் வீட்டு வாசலில் சுகாதார இன்ஸ்பெக்டரின் ஜீப், பின்னால் மருந்துப் பெட்டிகளோடு, புறப்படத் தயாராக நின்றது. சவேரியார்பட்டிக்கு வாருங்கள் என்று இஞ்ஞாசிமுத்து காலில் விழுந்தார். இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தாளைக் காட்டினார். பத்து நாளாக அங்கே சாவே இல்லை, நோய் நின்றுவிட்டது என்று முன்சீப் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

"பத்துப் பேரைப் புதைச்சிருக்கோம். எம்பொண்டாட்டியும் அதுல கெடக்கா," என்றார் இஞ்ஞாசிமுத்து.

முன்சீப் வெற்றிலையை மென்றபடியே சொன்னார். "மணி அடிக்கலையேப்பா. அடிக்காத சாவை நான் எப்பிடி எழுத?"

மணியைக் கட்டியது தன் கைதான் என்பது இஞ்ஞாசிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கையாலேயே முன்சீப்பின் தலைமுடியைப் பற்றினார்.

தலையாரி கம்பால் அடித்தான். இஞ்ஞாசிமுத்துவின் மண்டை பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. பிடி விடவில்லை. ஓடைக் கல்லில் முன்சீப்பின் முழங்கால் சதை கிழிந்தது. நிறுத்தச் சொல்லிக்கொண்டே இன்ஸ்பெக்டர் ஜீப்பில் பின்னால் வந்தார். சவேரியார்பட்டிக் கிணற்றடியில் இஞ்ஞாசிமுத்து முன்சீப்பைத் தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, வெண்கலச் சொம்பில் தண்ணீர் மொண்டார்.

"நோய் இல்லேன்னு எழுதிக் குடுத்தீகள்ல. குடிங்க."

முன்சீப் பல்லைக் கடித்துக்கொண்டார். சொம்பின் விளிம்பு வாயில் இடித்தது. மறுபடி இடித்தது. உதடு கிழிந்து, பல் தெறித்து விழுந்தது. அப்போதும் அவர் ஒரு சொட்டு விழுங்கவில்லை. ரத்தத்தோடு தண்ணீரையும் துப்பித் துப்பி, தலையை அப்படியும் இப்படியும் அடித்துக்கொண்டார்.

"பாத்துக்கிருங்க," என்றார் இஞ்ஞாசிமுத்து, இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்து. "பல்லு போனாலும் குடிக்க மாட்டாக."

இன்ஸ்பெக்டர் அந்தச் செம்மண் தண்ணீரைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் பெட்டிகளை இறக்கச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் செலின் கையில் குளுக்கோஸ் ஏறியது, பிழைத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் ஊசி போட்டார்கள். சாயங்காலமே போலீஸ் வந்து இஞ்ஞாசிமுத்துவுக்கு விலங்கு மாட்டியது.

தை மாதம் வழக்கு வந்தது. மேல்வரிசையில் முன்பல் இரண்டு, கோரைப்பல் ஒன்று, ஆக மூன்று என்று டாக்டர் சர்டிபிகேட்டை வாசித்தார்கள். அடுத்து, முன்சீப்பின் பதிவேட்டை வைத்து எழுதிய சர்க்கார் கடிதம் வாசிக்கப்பட்டது. சவேரியார்பட்டியில் ஐப்பசி மாதம் இறந்தவர்கள் ஏழு பேர், வயிற்றுப்போக்கு.

ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"பல்லு மூணுதான், கணக்குச் சரி சாமி," என்றார் இஞ்ஞாசிமுத்து. "அதை எண்ணுன ஆளை எங்க கல்லறைக்கு ஒருக்கா அனுப்பி வைங்க. அங்கன பதினேழு குழி கெடக்கு."

ஆறு மாதம் தீர்ப்பானது. கல்லறைக்கு யாரும் வரவில்லை.