மணல்மேடு சபேசனின் இரண்டு காம்போதிகள்

என் பெயர் ஆல்பர்ட். கம்பத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, "பாவம், அறிவியல் தெரியாத மனுசன்" என்று யாராவது எனக்குச் சலுகை கொடுத்துவிடுவார்கள்.

எனக்குப் பாட வராது. ராகம் கண்டுபிடிப்பதும் பாதி ஊகம்தான். ஆனால் ஒரே ராகத்தின் இரண்டு ஒலிப்பதிவுகளைக் கொடுத்து எது மேல், ஏன் மேல் என்று கேட்டுவிட்டால் போதும், எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். இதற்கு வாய்த்த கூட்டாளி சுருளிப்பட்டி ராஜபாண்டி. பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஞாயிறு பூசை முடிந்ததும் வண்டியை நேராக அவர் தோட்டத்துக்கு விட்டுவிடுவேன். திராட்சைப் பந்தலின் கீழே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர்.

"கோயில்ல சாமியார் பிரசங்கம் அஞ்சு நிமிசம் கூடிருச்சுன்னா வாட்ச்சப் பாக்குறீக. அங்கன போயி ஒரே பாட்டத் திருப்பித் திருப்பிக் கேக்க மட்டும் நேரம் இருக்கு" என்பாள் என் மனைவி ரீட்டா. அவள் சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. நாங்கள் பாட்டைக் கேட்டது குறைவு. பத்து நிமிடம் ஓடுவதற்குள் எங்களில் யாராவது ஒருவர் நிறுத்திவிட, பேசத் தொடங்கிவிடுவோம்.

எங்கள் பெரிய வழக்கு மணல்மேடு சபேசன் பாடிய காம்போதி ராகம். சபேசன் அவ்வளவாகப் பெயர் வாங்காத பாடகர். காலமாகி வெகுநாளாயிற்று. அவருடைய காம்போதி என்னிடம் ஒன்று இருந்தது, முகம் தெரியாத ஒரு கோயம்புத்தூர் நண்பர் இணையத்தில் அனுப்பியது. ராஜபாண்டியிடம் இன்னொன்று இருந்தது. லோயர் கேம்ப் பவர்ஹவுசில் வேலை பார்த்த அவர் சித்தப்பா யாரிடமோ வாங்கிப் பதிந்து வைத்திருந்த கேசட். அதை மதுரையில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றியிருந்தார்.

என்னுடையதில் குரல் கூர்மையாக, துள்ளலாக இருக்கும். சுருதி இரண்டு கட்டை. அவருடையதில் குரல் கனத்து, நிதானமாக இறங்கி வரும். சுருதி ஒரு கட்டை. முதலாவது சபேசனின் இளமை, இரண்டாவது முதுமை என்று நான் தீர்ப்பு எழுதினேன். வயது ஏற ஏறப் பாடகர்கள் சுருதியை இறக்கிக்கொள்வது வழக்கம்தானே. நடுவே இருபது வருட இடைவெளி என்றும் சொன்னேன். அந்த இருபது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காதிலிருந்து வந்தது என்று சொல்லியிருப்பேன்.

நான் இளமையின் கட்சி. ராஜபாண்டி முதுமையின் கட்சி.

"ஒங்க ஆளு குதுர மாதிரி பாயுற வயசுல பாடுறான் சார். இவரு அனுபவிச்சுப் பாடுறாரு" என்பார். அந்தக் கேசட்டைக் கேட்டு அவர் துண்டால் கண்ணைத் துடைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டிலும் பிருகா என்கிற விரைவு உருட்டல்கள் அதே இடத்தில் விழுந்தன. மூச்சு விட்டதும் அதே இடங்களில்தான். இயற்பியல் படித்தவனுக்கு அங்கேயே மண்டையில் மணி அடித்திருக்க வேண்டும். எனக்கோ புல்லரித்தது. "பார்த்தீங்களாண்ணே, இருபது வருசம் கழிச்சும் குரு சொல்லிக்கொடுத்த பாதையை விட்டு ஒரு மயிரிழை விலகலை. இதுதான் சாதகம்" என்றேன். ராஜபாண்டி தலையாட்டினார்.

இதைக் கட்டுரையாக எழுதி வாட்ஸப்பில் சுற்றவிட்டேன். அது தேனியில் மருந்துக்கடை வைத்திருக்கும் விஜயகுமாருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அங்கே சிறிய இசை வட்டம் ஒன்றை நடத்தி வருகிறார். கூப்பிட்டு, "நம்ம கூட்டத்துல வந்து பேசணும் சார், பாட்டையும் போட்டுக் காட்டணும்" என்றார். தலைப்பு என்ன என்று கேட்டார். கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, "ஒரு குரலின் இளமையும் முதுமையும்" என்றேன். கேட்காமலே இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை மாலை ரீட்டா, ராஜபாண்டி இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு தேனிக்குப் போனேன். கல்யாண மண்டபம் ஒன்றின் மாடியில் கூட்டம். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். முன்வரிசையில் அனுசுயா என்ற வங்கி மேலாளர் உட்கார்ந்திருந்தார். பாட்டு கற்றவர் என்று விஜயகுமார் காதில் சொல்லியிருந்ததால், அடிக்கடி அவர் பக்கமே பார்த்துப் பேசினேன். இளம் சபேசனைக் காட்டாறு என்றேன். முதிய சபேசனை முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் என்றேன். அடுத்தவர் பேசி நான் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

பிறகு என் பதிவை ஓடவிட்டேன். நாலு நிமிடத்தில் நிறுத்துவதாகத் திட்டம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நல்ல ரசிகன்போல் இருக்குமே என்று மூடினேன். மூடிய கண்ணோடு எத்தனை பேர் என்னைப் பார்க்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்ததில் நிறுத்த மறந்துபோனேன். பந்தலில் நாங்கள் ஒருநாளும் எட்டாத இடத்துக்கு ஆலாபனை ஏறி, ஒரே சுரத்தை நீட்டும் கார்வை ஒன்றில் நின்று ஓய்ந்தது. அந்த அமைதியில், கச்சேரிக்கு வந்திருந்த ஏதோ ஒரு சிறு பிள்ளை பதிவுக்குள்ளிருந்து தெளிவாகச் சொன்னது:

"அம்மா, வீட்டுக்குப் போலாம்."

அரங்கம் சிரித்தது. நானும் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டுப் பாட்டை நிறுத்தினேன். ஒன்றை இவ்வளவு நேரம் போட்டால் இன்னொன்றையும் அதே இடம் வரை போடுவதுதான் ஒப்பீட்டு நியாயம். ராஜபாண்டியின் பதிவைப் போட்டேன். நிதானம். கனம். முதிர்ச்சி. ராஜபாண்டியின் துண்டு கண்ணுக்குப் போனது. அதே ஏற்றம், அதே கார்வை, அதே அமைதி.

"அம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றது அதே பிள்ளை. குரல் மட்டும் கொஞ்சம் கட்டையாக இருந்தது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அனுசுயா கையை உயர்த்தினார்.

"சார், இருபது வருசமா அந்தப் பிள்ளைய யாருமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலையா?"

சிரிப்பு வெடித்தது. எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. ஒரே கச்சேரி. ஒரே பதிவு. எங்கோ ஒரு டேப் ரெக்கார்டர் வேகமாக ஓடியிருக்கிறது, இன்னொன்று மெதுவாக. வேகம் கூடினால் அதிர்வெண் கூடும், சுருதி ஏறும். இதைத்தான் அந்த வாரம் பதினோராம் வகுப்புக்கு நடத்தியிருந்தேன், கரும்பலகையில் படமெல்லாம் போட்டு.

அப்போது ராஜபாண்டி எழுந்தார்.

"இதத்தான் சாரு காட்ட வந்தாக!" என்றார் உரக்க. "ஒரே பாட்ட ரெண்டு வேகத்துல போட்டு, ஒண்ணு வாலிபம், ஒண்ணு வயோதிகம்னு சொன்னா நாம அத்தன பேரும் நம்பிருறோம்ல? நம்ம காது எப்புடி ஏமாறுதுன்னு வெளங்கத்தான் இம்புட்டு நேரம் அப்படிப் பேசுனாக."

முதலில் விஜயகுமார் கைதட்டத் தொடங்கினார். கூட்டமே சேர்ந்துகொண்டது. உண்மையைச் சொல்ல அது நல்ல தருணம். நான் கையைக் கூப்பித் தலையை லேசாகத் தாழ்த்திக்கொண்டேன். சால்வையும் போட்டார்கள்.

திரும்பும்போது சின்னமனூர் தாண்டியதும் பின்சீட்டில் ரீட்டா சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் கண்ணில் தண்ணீர் வர, "காட்டாறாம், அணத் தண்ணியாம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்றேன் ராஜபாண்டியிடம்.

"பின்ன என்ன செய்யச் சொல்றீக? ஒங்களுக்காக மட்டுமா சொன்னேன்? சாவப்போற மனுசன் பாடுறாருன்னு நெனச்சு நெனச்சு அழுதிருக்கேன் சார், வருசக்கணக்கா. அம்புட்டுப் பேரு முன்னாடி நானும்ல மாட்டிக்கிருவேன்."

மறுநாள் ஞாயிறு. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். இனி எந்த வேகம் சரி என்று எங்களுக்குள் சண்டை வரவேண்டியது. அதற்கு முன் நான் கொஞ்சமாவது படித்ததைப் பயன்படுத்தலாம் என்று தோன்றியது. பதிவின் அடியில் ஒலிபெருக்கியின் கரண்டு இரைச்சல் மெல்லியதாக ஓடிக்கொண்டிருந்தது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை துடிப்பது. அந்த இரைச்சலும் ஐம்பதில் இருக்க வேண்டும். என்னுடையதில் ஐம்பதுக்கு மேலே இருந்தது, அவருடையதில் கீழே. இரண்டுமே தப்பு. என் பதிவின் வேகத்தைக் குறைத்து, இரைச்சலை ஐம்பதில் நிறுத்தினேன். சுருதி ஒன்றரைக் கட்டைக்கு வந்தது.

ஓடவிட்டேன். நாற்பது வயதிருக்கும் ஒரு மனிதர் பாடினார். காட்டாறுமில்லை, அணையுமில்லை. கொஞ்சம் ஜலதோஷம் இருந்ததுபோலத் தோன்றியது. பிள்ளை வீட்டுக்குப் போகக் கூப்பிட்டது. நாங்கள் ஒருபோதும் போகாத இடத்துக்குப் பாட்டு போனது. அங்கே சபேசன் பாடுவதை நிறுத்தி, அந்தப் பிள்ளையிடம், "இன்னும் கொஞ்சந்தான் கண்ணு, வந்துட்டேன்" என்றார். கச்சேரி கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே மறுபடி காம்போதியை எடுத்தார் பாருங்கள், அவ்வளவு லேசாக, வீட்டுத் திண்பண்டத்தை நீட்டுகிற மாதிரி. அதை என்னால் எதோடும் ஒப்பிட முடியவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறொன்று கையில் இல்லை என்பதும் காரணம்.

முடியும்வரை ராஜபாண்டி பேசவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுக்கவுமில்லை. "நல்லாப் பாடிருக்காப்ல" என்றார் கடைசியில்.

அடுத்த வாரம் விஜயகுமார் கூப்பிட்டார். போடியில் உள்ள நண்பர்கள் அதே நிகழ்ச்சியை அங்கேயும் வேண்டுமென்கிறார்களாம். மனசு உறுத்தியது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்: எனக்கு ஒன்றும் தெரியாது, நான் உண்மையாகவே நம்பித்தான் பேசினேன், மாட்டிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் நீளமாகச் சிரித்தார். "என்ன தன்னடக்கம் சார் ஒங்களுக்கு! இதையும் அப்படியே மேடையில சொல்லுங்க, பிரமாதமா இருக்கும்."

போடியில் மைக்கைப் பிடித்ததும் முதல் வாக்கியமாக, "நான் ஒரு முட்டாள்" என்றேன். பலத்த கைதட்டல். மேலே விளக்க விளக்க இன்னும் தட்டினார்கள். ஓர் இயற்பியல் ஆசிரியர் இவ்வளவு மடையனாக இருக்க முடியும் என்று அங்கே ஒருவருக்கும் நம்பிக்கை வரவில்லை. நான் உதவிக்கு, கூட வந்திருந்த ராஜபாண்டியைப் பார்த்தேன்.

"விடுங்க சார்," என்றார் அவர், "பாட்டப் போடுங்க."