வியாழக்கிழமைக்காரரின் ஒரு மணி நேரம்

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். என் அக்கா: மனநல ஆலோசகர், வீட்டின் முன்னறையே அவளுடைய அலுவலகம். வியாழக்கிழமைக்காரர்: வாராவாரம் அன்றைக்கு அவளிடம் பேச வருகிறவர், பேருந்து ஓட்டுநர். இதைச் சீருடையைப் பார்த்துச் சொல்கிறேன். தன்னிடம் வருகிறவர்களைப் பற்றி அக்கா மூச்சு விட மாட்டாள். நான்: அவள் தம்பி, அங்கே இருக்கக் கூடாதவன்.

கிடங்கில் பார்த்த இரவு வேலையை நான் விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏன் விட்டேன் என்று அக்கா ஒருமுறைகூடக் கேட்கவில்லை. விட்ட அன்று காலையில் சொன்னேன். "சரி, கை கழுவிட்டுச் சாப்பிடு" என்றாள், துணி மடித்துக்கொண்டே.

அந்த வியாழக்கிழமை ஆளுக்கு மட்டும் தனிக் கவனிப்பு. அவர் வருவதற்கு முன் போனை அணைத்து இழுப்பறையில் போடுவாள். கண்ணை மூடி ஐந்து முறை நிதானமாக மூச்சு விடுவாள். பிறகு அவர் பேசும்வரை காத்திருப்பாள். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது எல்லாம் வருகிறவர் இஷ்டம். அதுதான் அவள் முறை. சுவரில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். இருபது நிமிடம் சத்தமே இருக்காது. அவர் வாய் திறக்காததற்கும் அவள் காது கொடுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

"அக்கா, எனக்கும் மூச்சு முட்டுது" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"ஜன்னலைத் தொறந்து விடுடா."

"அந்தாளு சொன்னா இப்படியா சொல்லுவே?"

"அவரு ஜன்னல் ஓரமாத்தான் உக்காருவாரு." சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அந்த வியாழக்கிழமை, அவருக்குத் தண்ணீர் கொடுக்கும் சாக்கில் உள்ளே போனேன். தம்ளரை வைத்தேன். திரும்பவில்லை. ஓரமாகக் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னடா இது?" என்றாள் அக்கா.

"எனக்கும் பேசணும். நான் ஏன் வேலைய விட்டேன், தெரியுமா? பக்கத்துல நின்னவன் மேல அலமாரி சரிஞ்சுது. அவன் கால் போச்சு. நான் ஓடிப்போய்த் தூக்கல, பாத்துக்கிட்டே நின்னேன். இத உங்கிட்ட சொல்ல நானும் பஸ் ஓட்டணுமா?"

அக்காவின் முகம் வெளுத்தது. கை என் பக்கம் நீண்டது. பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநரிடம் திரும்பினாள்.

"இது உங்க நேரம். தம்பி இருக்கறதா போறதான்னு நீங்கதான் சொல்லணும். யோசிச்சே சொல்லுங்க."

அவர் யோசித்தார். அவள் காத்திருந்தாள். வேறு வழியில்லாமல் நானும் காத்திருந்தேன். ஆள் நல்ல மனுஷன் போலத் தெரிந்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"தம்பி மேல கோபம் இல்லைங்க" என்றார் கடைசியில். "ஆனா இன்னைக்குத்தான் சொல்லிடலாம்னு மனசைத் தேத்திக்கிட்டு வந்தேன். இவரு இருந்தா என்னால முடியாது."

இத்தனை வாரங்களில் அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு அது.

அக்கா எழுந்து என் தோளைப் பிடித்து வாசல்வரை கூட்டி வந்தாள். பிடி இறுக்கமாக இருந்தது.

"ஆறு மணிக்கு முடிஞ்சிடும். வந்து கேக்கறேன்டா."

"அதுக்குள்ள எனக்குச் சொல்ற தைரியம் போயிடும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளே ஓட்டுநர் தொண்டையைச் செருமினார். அவள் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். அந்த அறையை அவள் ஒருநாளும் பூட்டியதில்லை. இப்போது பூட்டினாள்.