சேர்க்க வேண்டிய ஆள்

நாகேஸ்வரன் ரிடயர் ஆன மறுநாளே கிழவராகிவிட்டார். அதுவரை பஸ்ஸைத் துரத்திப் பிடித்த மனுஷர், ஆபீஸில் போட்ட மாலையோடு வந்து ஈஸிசேரில் சாய்ந்தார். ஆறு வருஷமாக எழுந்திருக்கவில்லை என்றால் கொஞ்சம்தான் மிகை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் வெளிநாட்டில். "நமக்கெல்லாம் வயசாயிடுத்து" என்று யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

அந்த 'நமக்கெல்லாம்' என்பதில் அக்கா சரஸ்வதியம்மாளையும் சேர்த்துக்கொண்டதுதான் வம்பு. அவருக்கு அறுபத்திரண்டு, அவளுக்கு எழுபத்தேழு. கரமனையில் தனியாக இருக்கிறாள். மொட்டைமாடியில் வெண்டையும் பாகலும் போட்டிருக்கிறாள். சாலைக் கடைத்தெருவுக்கு பஸ்ஸில் போய் வருகிறாள். தெருச் சாக்கடைக்காகக் கார்ப்பரேஷனில் சண்டை போடுகிறாள். போன மாதம் படியில் சறுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். தம்பிக்கு அது போதும். இனி எல்லாவற்றுக்கும் நான்தானே ஓட வேண்டும் என்று பயந்து, ஒரு முதியோர் இல்லத்துக்கு போன் செய்தார். "கரமனையிலே வயசான ஆள் ஒண்ணைச் சேர்க்கணும், வந்து பாருங்கோ." அக்காவிடம் மூச்சுவிடவில்லை. அக்கா இருக்கும் வீட்டை அப்பா தம்பி பெயருக்குத்தான் எழுதி வைத்திருந்தார். அவர் முடிவு செய்தால் அவள் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை காலை இல்லத்திலிருந்து சிஜி என்ற நர்ஸ் வந்தாள். தமிழ் எல்லையோரத்துப் பாறசாலைக்காரி, தமிழ் பேசுவாள். நாகேஸ்வரன் அக்கா வீட்டு முன்னறையில் காலை ஸ்டூலில் நீட்டி, கழுத்தில் மப்ளரோடு சாய்ந்திருந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கி நாலு படி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. சிஜி நேரே போய் அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள்.

"பயப்படாதீங்க அங்கிள். அங்க எல்லாரும் உங்கள மாதிரிதான். ஒரு வாரத்துல பழகிரும்."

அவருக்குக் காது சுட்டது. நானில்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். புடவையை இடுப்பில் செருகியிருந்தாள், கையெல்லாம் மண்.

"யாராக்கும் இது?"

"முதியோர் இல்லத்துல இருந்து வாறேன் ஆன்ட்டி. அங்கிளச் சேக்கதுக்குப் பாக்க வந்தேன். போன் பண்ணியிருந்தாங்க."

அக்கா தம்பியைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் முகம் வாடிவிட்டது.

"போன் பண்ணினது நீயாடா நாகு?"

"ஆமா," என்றார். அதில் பொய் இல்லை.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பட்டையைத் தானே பிரித்து சிஜியிடம் கொடுத்தாள். "நீ போயிட்டு வா மோளே. இவனை எங்கேயும் அனுப்பறதா இல்லை. நான் இருக்கேனே."

பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தனை தனியாயிட்டயா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? மேல் ரூம் சும்மாத்தானே கிடக்கு. நாளைக்கே பெட்டியை எடுத்துண்டு வா. ரெண்டு நாள் எங்கூட மாடி ஏறி இறங்கினா எல்லாம் சரியாயிடும், கேட்டயா?"

நாகேஸ்வரனை வெட்கம் பிடுங்கித் தின்றது. தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். உன்னைத்தான் அனுப்பப் பார்த்தேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.