ஆர்லோவின் சில்லுகள்

போக்கர் போட்டியில் ஒருவர் பாதியில் எழுந்து போனாலும் பணத்துக்குப் பதிலாக அவர் வைத்து ஆடும் வட்டச் சில்லுகள் மேசையிலேயே இருக்கும். முறை வரும்போதெல்லாம் கட்டாயப் பந்தயமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஜெயிப்பவருக்கு அது லாபம். வேகஸில் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சீட்டாடியே பிழைத்த ஆர்லோவுக்கும் டெல்லாவுக்கும் இது தெரியாததா?

அன்றைய போட்டியில் இருவருக்கும் ஒரே மேசை. ஆட்டத்தின் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த ஆர்லோவை ஸ்ட்ரெச்சரில் தூக்கியபோது டெல்லாவும் எழுந்தாள். அவன்தான் தடுத்தான்.

"நீ உக்காரு. இல்லேன்னா என் சில்லையெல்லாம் அந்த டெக்ஸஸ் முதலை முழுங்கிடுவான். நீயே ஜெயிச்சு வை, வந்து வாங்கிக்கறேன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

டெக்ஸஸ்காரன் ரஸ்டி தன் சீட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு அந்தச் சுற்றை விட்டுக்கொடுத்தான். "முதலைக்குப் பசியில்ல, தாயி. கெளம்பிப் போ."

"சும்மா இரு ரஸ்டி. வந்து கணக்குக் கேப்பான்."

ஆர்லோவின் கடைசிச் சில்லும் அவள் பக்கம் வந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவள் பெயரைக் கேட்ட நர்ஸ் ஒரு கணம் தயங்கினாள். அடுத்தவர் தயக்கத்தைப் படித்தே சோறு தின்றவளுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கடைசியா... அவன் பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?"

நர்ஸ் மறுபடியும் தயங்கினாள்.