அறிக்கையின் கடைசி வரி

பல் டாக்டர் என் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

அங்கே ஒரு வரி இருக்கிறது. ‘இதில் பரிந்துரைத்துள்ள எந்த விற்பனையாளரிடமிருந்தும் நான் கமிஷன் பெறுவதில்லை.’ சொந்தமாக ஆலோசனைத் தொழில் தொடங்கிய வருடம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதியது. அன்றிலிருந்து பழைய அறிக்கையைத் திறந்து, பெயரை மாற்றித்தான் புதியதை எழுதுகிறேன். அந்த வரி தானாக ஒட்டிக்கொண்டு வரும். நான் அதைப் படித்தே பல காலமாகிறது.

புது கிளினிக் தொடங்குகிறவர்களுக்கு எதை வாங்கலாம், எங்கே வைக்கலாம் என்று சொல்வதுதான் என் வேலை. இந்த டாக்டருக்காக மூன்று நிறுவனங்களின் பல் நாற்காலிகளை, அவை ஓடிக்கொண்டிருக்கும் கிளினிக்குகளுக்கே போய், ஏறிப் படுத்துப் பார்த்தேன். இரண்டாவதுதான் நல்லது. மூன்றாவது விலை குறைவு, ஆனால் வருடம் திரும்புவதற்குள் மோட்டார் மக்கர் பண்ணுகிறது. நான்கு இடங்களில் அதன் முனகலை என் காதாலேயே கேட்டேன். அப்படியே எழுதினேன்.

அறிக்கை கொடுத்த மறுநாள், டாக்டர் விலை விசாரித்ததுமே, இரண்டாவது நாற்காலியின் விற்பனையாளர் எனக்குப் போன் செய்தார். “ஆள் அனுப்புறவங்களுக்கு எட்டு சதவீதம் எடுத்து வைக்கிறது எங்க வழக்கம் மேடம். உங்களுக்கும் வெச்சிடுறேன்.”

வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? “பார்க்கலாம்” என்றேன். அந்த மாதம் வேறு வேலை எதுவும் கையில் இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும், “வாங்கு, வாங்காம போ. ஆனா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடு” என்றார். “எனக்குத் தெரியும்” என்று வெடுக்கென்று சொன்னேன். தெரியும்தான். சொல்லத்தான் இல்லை.

இன்று கையெழுத்துப் போடும் நாள். பெயின்ட் வாசம் போகாத அறையில் மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல்கள். பல் நாற்காலி வரவேண்டிய இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும் தரையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, இந்த வரிக்காகத்தான் உங்கள கூப்பிட்டேன்” என்று டாக்டர் அதன் மேல் விரலை வைத்தாள். இரண்டாவது சந்திப்பிலேயே நான் அவளுக்கு அக்கா ஆகிவிட்டேன். “உங்களுக்கு முன்னாடி ஆலோசனை சொல்ல வந்தவர் இப்படி எழுதித் தர மாட்டேன்னுட்டார். அம்மா வீட்ட அடமானம் வெச்சு வாங்கின கடன் இது. ஏமாற எனக்கு வசதியில்லக்கா.”

அப்போது சொல்லியிருக்கலாம். தண்ணீர் குடித்தேன்.

விற்பனையாளர் வாயெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்து விலைப் பட்டியலை நீட்டினார். டாக்டர் பேரம் பேசினாள். அவர் கொஞ்சம் இறங்கினார். இன்னும் இறங்கச் சொன்னாள்.

“இதுக்கு மேல முடியாது மேடம். எல்லாருக்கும் குடுத்தது போக எனக்கு நிக்கிறதே கொஞ்சம்தான்.”

“எல்லாருக்கும்னா?”

அவர் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். ஆனால் சின்ன ஓட்டையையும் தேடிக் கண்டுபிடித்துப் பழகிய கண் டாக்டருடையது. அவளும் என்னைப் பார்த்தாள்.

மின்விசிறிகூட இன்னும் மாட்டாத அறை. முதுகில் வியர்வை இறங்கியது. மழுப்புவதற்கு நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றன. மென்று விழுங்கினேன்.

“எனக்கு எட்டு சதவீதம் தர்றதா சொல்லியிருக்கார். நான் வேண்டாம்னு சொல்லல. உங்ககிட்டயும் சொல்லல. ஆனா அறிக்கை எழுதினப்ப இந்தப் பேச்சே கிடையாது.”

“ஆமா மேடம், அதுக்கப்புறம்தான்” என்றார் விற்பனையாளர், அவசரமாக. அது உண்மை. அவர் சொல்லிக் கேட்டபோது எனக்கே பொய் மாதிரி இருந்தது.

“அந்த எட்டையும் விலையில கழிச்சிடுங்க” என்று அவரிடம் சொன்னேன். “எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

டாக்டர் அறிக்கையை மூடினாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“மூணாவத வாங்கிக்கிறேன்.”

“அதோட மோட்டார்...”

“நீங்க எழுதினத படிச்சேன்.”

“அதுல ஒரு வார்த்த பொய் இல்லம்மா.” என் குரல் உடைந்தது. வெட்கமாக இருந்தது.

“இருக்கலாம். இப்ப அத நான் யார நம்பி முடிவு பண்றது?” அவள் பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். “உங்க ஃபீஸ் நாளைக்கு வந்துடும், மேடம்.”