வெளிநடப்பு செய்த சுவர்

அந்தத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் பிரித்த சுவர், ஒரு திங்கட்கிழமை காலை வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தபோது எழுந்து வெளியே போய், விளையாட்டுத் திடலின் ஓரத்தில் நின்றுகொண்டது. யாருக்கும் அடிபடவில்லை. கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது, அவ்வளவுதான். தலைமையாசிரியர் சுவரிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் ஒட்டினார். அதையும் அந்தச் சுவரின் மேலேயே ஒட்டினார். அந்தப் பதவிக்கு மூளை அவசியம் என்று எந்த விதியிலும் இல்லை.

வயதுப்படி பிள்ளைகளை அடுக்கி வைப்பதில் அவருக்கு இருந்த பக்தி, மளிகைக் கடைக்காரருக்கு டப்பாக்கள் மேல்கூட இருக்காது. ஆறு வயது ஆறோடு, எட்டு வயது எட்டோடு, கலந்தால் திரிந்துவிடும். அவருடைய சொந்த மகளே மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்ததை இந்தக் கொள்கை கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் வகுப்பே சிரித்துவிட, அவள் வீட்டிலும் பேசுவதை நிறுத்திவிட்டாள். “ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் கட்டி மேய்க்கிற மனுஷனுக்குப் பெத்த பொண்ணை வாய் திறக்க வைக்கத் துப்பில்ல,” என்று மனைவி தட்டை வைக்கும் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள்.

மேஸ்திரியை வரவழைத்து இரண்டாவது சுவர் எழுப்பினார். பூச்சு காய்வதற்குள் அதுவும் போய் முதலாவதின் பக்கத்தில் நின்றது. மூன்றாவதும் அப்படியே. “என் வேலையில குறை சொல்லாதீங்க சார். போறப்பகூட அது நேராத்தான் போச்சு,” என்றார் மேஸ்திரி. பெற்றோர் திரண்டு வந்து, தங்கள் பிள்ளைகள் மூக்கொழுகிகளோடு உட்காருவதா என்று கேட்டார்கள். இடுப்பிலிருந்த அவர்களுடைய அடுத்த பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்கள். கல்வி அதிகாரி வந்தார், மூன்று சுவர்களையும் டேப் வைத்து அளந்தார், உறுதியாக நிற்கின்றன என்று எழுதினார், டீ குடித்தார், போனார்.

இதற்கிடையில், குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் ஒன்றாம் வகுப்புக்காரி, தலைமையாசிரியர் மகளின் தோளில் சாய்ந்துகொண்டு, “அக்கா, இது என்ன எழுத்து?” என்று கேட்டுவிட்டாள். அதுவரை அந்த அக்காவிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அந்த எழுத்து தெரிந்திருந்தது, சொன்னாள். அடுத்தது தெரியவில்லை. எழுந்து போய், “குண்டூசிக்குத் தெரியணுமாம் டீச்சர்,” என்றாள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒன்றாம் வகுப்புப் பாடத்தைத் தனக்காகக் கேட்டால் கேவலம். சின்னவளுக்காகக் கேட்டால் பெரிய மனுஷி. டீச்சருக்கு எல்லாம் புரிந்தது. சம்பளம் குறைவான இடங்களில்தான் இப்படிப்பட்ட புத்தி தங்குகிறது. அந்தப் பருவம் முழுக்கக் குண்டூசிக்கு என்னென்னவோ தெரிய வேண்டியிருந்தது.

நான்காவது சுவருக்காக மேஸ்திரியோடு வந்த தலைமையாசிரியர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே அவர் மகள் ஒரு நரிக் கதையை, ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்து, உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். நடுவே நிறுத்தி, “கவனிடி. இன்னொரு தடவ சொல்ல மாட்டேன்,” என்று அதட்டினாள். அது அச்சு அசலாக அவருடைய அதட்டல். ஒரு சொல்லை அவள் தப்பாக உச்சரித்தபோது திருத்துவதற்கு வாயைத் திறந்தார். பிறகு, அவருடைய உத்தியோக வாழ்க்கையிலேயே முதல்முறையாக, மூடிக்கொண்டார்.

“செங்கல்லை இறக்கட்டுமா சார்?”

“வேணாம் மேஸ்திரி,” என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வெளிய நிக்குதே, அதுங்களுக்கு ஒரு கோட் அடிச்சு விட்டுடுங்க. மழை வர்ற மாதிரி இருக்கு.”

மேஸ்திரி மூன்றுக்கும் இரண்டு கோட் அடித்தார்.