சகலைக்குக் கொடுத்த இறக்கை

மெத்தைக்காரரின் கால்கள் தரையை விட்டு ஒரு விரற்கடை உயர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவர் பல் துலக்கிக்கொண்டிருந்த நேரத்தில். அன்றைக்குப் பித்தளை விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, பஞ்சு விலை நிலையாக இருந்தது, மழை வரும் போலிருந்து வரவில்லை. செருப்பு மாட்டப் போனபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. செருப்பு கீழே இருந்தது, கால் மேலே இருந்தது. அவர் மனைவி நடுவில் விளக்குமாற்றை விட்டுப் பார்த்தாள், தாராளமாகப் போய்வந்தது. "நல்லதாப் போச்சு, இனிமே நீங்க நிக்கிற இடத்தையும் சேத்துக் கூட்டிரலாம்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். கூட்டி முடித்து அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். அக்காவின் கணவர், கடைவீதியில் பொத்தான் கடை வைத்திருப்பவர், அப்போது சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "சட்டையில நான் குடுத்த அந்த பேட்ஜைக் குத்தியிருந்தானா, கேளு." குத்தியிருந்தார். பொத்தான்காரர் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் முறிந்தது.

சகலைகள் இருவருக்கும் பொதுவாக இருந்தவை ஒரே மாமனாரும் ஒரே பைத்தியமும். பைத்தியம் என்பது விமானிகள் மார்பில் குத்திக்கொள்ளும் இறக்கைச் சின்னங்களைச் சேர்ப்பது. பொத்தான்காரருக்கு அது தொழிலோடு வந்தது. பழைய ராணுவச் சீருடைகளை மூட்டையாக எடுத்துப் பொத்தானையும் கொக்கியையும் பிரிக்கும்போது நடுவே இறக்கைகள் கிடைக்கும். விமானியின் முழு இறக்கை, விமானத் துப்பாக்கிக்காரனின் ஒற்றை இறக்கை, பாராசூட்டில் குதிக்கிறவனின் இறக்கை என்று கடையின் பின்னறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள் தொங்கின. எந்த இறக்கையைக் கையில் வாங்கினாலும் முதலில் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். முள் எப்படிப் பற்றவைத்திருக்கிறது, செய்த பட்டறையின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். பெண் பார்க்கப் போனபோதும் இப்படித்தான் முதலில் வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பார்த்தார் என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

மெத்தைக்காரர் சேர்ந்தது பின்னாளில். ஒருநாள் வந்து சுவரைப் பார்த்தார், "அழகா இருக்குண்ணே" என்றார், மறுவாரமே தானும் ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் பின்பக்கம் பார்க்கத் தெரியாது. பிடித்தால் வாங்குவார். அப்படி வாங்கியதில் பாதி நல்ல சரக்காக அமைந்து தொலைத்தது. பொத்தான்காரருக்கு அதுதான் பொறுக்கவில்லை. கெட்டிக்காரனைப் பார்த்து வயிறு எரிந்தால் அதில் ஒரு கௌரவமாவது உண்டு. அதிர்ஷ்டக்காரனைப் பார்த்து எரிந்தால் வெளியே சொல்லவும் முடியாது.

இறக்கைகளிலேயே உசத்தி, விண்வெளிக்குப் போய்வந்த ராணுவ விமானிக்குக் கொடுப்பது. சாதாரண விமானியின் வெள்ளி இறக்கைதான், ஆனால் நடுவில் ஒரு வளையத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு நட்சத்திரம் வாலோடு மேலே பாயும். டயர் கடை மாடியில் ஞாயிறுதோறும் கூடும் சேகரிப்பாளர் சங்கத்தில் யாரிடமும் அதில் அசல் கிடையாது. பொத்தான்காரருக்கு ஒரு சீருடை மூட்டையில் அப்படி ஒன்று வந்து விழுந்தது. வழக்கம்போல முதலில் திருப்பிப் பார்த்தார். முத்திரை இல்லை. நட்சத்திரத்தை யாரோ கையால் பற்றவைத்திருந்தார்கள், அதுவும் கோணலாக, பந்தியில் இடம் கிடைக்காமல் ஒருக்களித்து உட்கார்ந்தவனைப் போல. டூப்பு என்று முடிவு கட்டி, பட்டுத் துணியில் சுற்றி, சகலையிடம் எடுத்துப் போனார். "உனக்குன்னே எடுத்து வெச்சிருந்தேன் சகல" என்றார். பதிலுக்கு மெத்தைக்காரர் தன்னிடமிருந்த வெள்ளி ஜரிகை இறக்கையை, பொத்தான்காரர் மூன்று வருடமாகக் கண் வைத்திருந்ததை, அப்படியே எடுத்து நீட்டினார். பொத்தான்காரர் அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினார்.

சங்கத்தில் எழுதாத விதி ஒன்று உண்டு. சேர்க்கிறவன் இறக்கையை அணியக் கூடாது, பறந்தவன்தான் அணிய வேண்டும். மெத்தைக்காரருக்கு இது தெரியாதோ, தெரிந்தும் மறந்துவிட்டாரோ, அந்தக் கோணல் நட்சத்திரத்தைச் சட்டைப் பைக்கு மேலே குத்திக்கொண்டு கடைக்குப் போகலானார். கொஞ்ச நாளில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

ராடார் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற சங்கத் தலைவர் நேரில் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். விமானிக்குச் சின்னம் குத்தும் விழா நாளுக்குள் சரியான சின்னம் வந்து சேராததால் விமானப்படை முகாம் பட்டறையில் சாதாரண இறக்கையிலேயே நட்சத்திரத்தைக் கையால் பற்றவைத்துச் சமாளித்த சில உண்டு. அவற்றில் முத்திரை இருக்காது, நட்சத்திரம் கோணலாகத்தான் இருக்கும். இது அசல், மேலே போய்வந்தவரின் மார்பில் இருந்தது. பொத்தான்காரர் பக்கத்தில்தான் நின்றார். "அது என் சரக்கு" என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி, அப்புறம் ஏன் கொடுத்தாய் என்பது. அசல் என்று தெரியாமல் கொடுத்தேன் என்றால் முட்டாள், டூப்பு என்று தெரிந்தே கொடுத்தேன் என்றால் மோசக்காரன். வியாபாரி மோசக்காரன் என்றால் கடைவீதி நாலு நாள் பேசி விட்டுவிடும். முட்டாள் என்றால் எதிர்க்கடைக்காரன் பேரனுக்கும் சொல்லிவிட்டுப் போவான். வார்த்தையை விழுங்கினார். விழுங்கியது உள்ளே போய் இரும்பாக உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு மெத்தைக்காரர் வாரத்துக்கு வாரம் உயர்ந்தார், பொத்தான்காரர் கனத்தார். மெத்தைக்காரர் கடையில் மெத்தைக்கு ஒரு சாண் மேலே மல்லாந்து கிடப்பதைப் பார்த்த ஜனங்கள் அதை மெத்தையின் தரம் என்று எடுத்துக்கொண்டார்கள், சரக்கு போதவில்லை. முன்பெல்லாம் மூத்த மாப்பிள்ளையோடு மட்டுமே சாயங்கால நடை போகும் மாமனார், இப்போது வாசலில் நின்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, "எங்க சின்ன மாப்ள, நடக்கிறதே இல்ல" என்று பெருமையாக அறிமுகம் செய்தார். அப்படி அவர் சொல்லும் ஒவ்வொரு தடவையும் பொத்தான்காரரின் காலடியில் ஒரு தரை ஓடு விரிசல் விட்டது. பஸ்ஸில் அவர் ஏறிய பக்கம் சாய்ந்தது. வைத்தியர் எடை பார்க்கும் கருவியில் ஏற்றினார், முள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பழைய கால்சட்டையே இடுப்பில் சரியாக நின்றது. "உடம்பு பெருக்கல, கனம்தான் ஏறியிருக்கு. மனசுல ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்றார். "ஒண்ணுமில்ல டாக்டர், வயித்துல லேசா எரிச்சல்" என்றார் பொத்தான்காரர். வைத்தியர் அதற்கு வெள்ளையாக ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கம் கலைந்து எல்லோரும் தெருவுக்கு இறங்கிய நேரத்தில் காற்று வீசியது. மெத்தைக்காரர் மாடிப்படியில் கால் வைக்காமல் நேராகத் தெருவுக்கு மேலே வந்தவர், அப்படியே எழும்பத் தொடங்கினார். தலைவர் தாவிப் பிடித்தார், அவரையும் தூக்கியது. கையை விட்டு டயர் அடுக்கின் மேல் விழுந்தார். அழைத்துப் போக வந்திருந்த அக்காளும் தங்கையும் அப்போதுதான் திருப்பத்தில் தெரிந்தார்கள். "அத்தான், புடிங்க அத்தான்!" என்று தங்கை அலறினாள். பொத்தான்காரரின் முகத்துக்கு நேராக மெத்தைக்காரரின் கணுக்கால் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் தாமதித்தால் போதும், ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது, மாமனாருக்கு ஒரே மாப்பிள்ளை. இந்தக் கணக்கு அவர் மனதில் ஓடியது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் கை அதற்குள் பிடித்துவிட்டிருந்தது. கால் செருப்போடு தார்ச்சாலையில் கணுக்கால் வரை புதைந்தது, மெத்தைக்காரர் பட்டம் போல நின்றார்.

"அண்ணே, விட்ராதீங்க!"

"விடமாட்டேன். மொதல்ல அந்த பேட்ஜைக் கழட்டி எறிடா."

"அதைக் கழட்டி ரொம்ப நாளாச்சுண்ணே. வீட்டுப் பெட்டியில கெடக்கு. அது இல்லாமலே இப்படித்தான் போகுது."

பொத்தான்காரருக்கு அந்த நிமிஷம் என்ன தோன்றியதோ, மேலே பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "அதை டூப்புன்னு நெனச்சுதான்டா ஒன் தலையில கட்டுனேன்."

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"குடுக்கும்போது உங்க மொகத்துல அவ்வளவு சந்தோஷம். அசலைக் குடுக்கிறவன் அப்படியா சிரிப்பான்?"

"தெரிஞ்சுமா வாங்குன?"

"அந்த நட்சத்திரம் கோணலா இருந்துச்சுல்ல, எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு."

சொல்லிவிட்ட நிம்மதியில் பொத்தான்காரரின் நெஞ்சுக்குள் இருந்த இரும்பு இளகியது. இளகியதும் கால் தாரிலிருந்து விடுபட்டது. செருப்பு மட்டும் தங்கிவிட, சகலைகள் இருவரும் சேர்ந்தே மேலே போனார்கள். பாதாம் மரத்தின் நுனியைத் தாண்டும்போது மூத்தவள் கீழேயிருந்து பார்த்தாள். கணவர் முகத்தில் கல்யாணமான நாளிலிருந்து பார்க்காத ஒரு சாந்தம். காரியம் கெட்டது என்று உடனே புரிந்துகொண்டாள். புருஷனின் எடை எதில் இருக்கிறது என்பது அவளுக்கு வைத்தியரைவிட நன்றாகத் தெரியும். இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள்: "ஏங்க! அப்பா கடைத்தெரு மாடி வீட்டை சின்ன மாப்ள பேருக்கு எழுதப் போறாராம்! குணத்துல அவருக்கு ஈடே இல்லையாம்!"

பொத்தான்காரர் கல்லைப் போல இறங்கினார், கையில் பிடித்த சகலையோடு. தெருவில் அவர் விழுந்த பள்ளம் இன்றும் இருக்கிறது. நகராட்சி இரண்டு முறை மூடியும் அது நிரம்பவில்லை. வண்டிக்காரர்கள் சுற்றிப் போகப் பழகிவிட்டார்கள்.

அதன் பிறகு ஏற்பாடு ஒன்று தானாக அமைந்தது. பொத்தான்காரர் தன் கடைச் சரக்கிலேயே கெட்டியான நாடாவும் பித்தளைக் கொக்கியும் எடுத்து ஒரு வார் தைத்தார். ஒரு முனை சகலையின் இடுப்பில், மறுமுனை தன் மணிக்கட்டில். மெத்தைக்காரரை மண்ணில் நிறுத்தும் கனம் அந்த ஊரில் வேறு யாரிடமும் இல்லை. அந்தக் கனம் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் பொறுப்பாயிற்று. காலையில் தேநீரோடு மூத்தவள் கணவரிடம் சகலையின் பெருமை ஒன்றைச் சொல்வாள். புதிதாக மூன்று கிளைகள் திறக்கிறார், தங்கையின் கால் வலிக்கு அவரே எண்ணெய் தேய்த்துவிட்டார், அப்பா தூக்கத்தில்கூட அவர் பேரைத்தான் சொல்கிறார். உண்மைகள் தீர்ந்ததும் இட்டுக்கட்டினாள். இட்டுக்கட்டுகிறாள் என்பது பொத்தான்காரருக்கும் தெரியும். தெரிந்தும் எரிந்தது, நாற்காலி முனகியது, எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

கோணல் நட்சத்திர இறக்கையை மெத்தைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது இப்போது பின்னறைச் சுவரின் நடுவில், ஜரிகை இறக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொத்தான்காரர் அதை ஒருமுறை சட்டையில் குத்திக் கண்ணாடியில் பார்த்தார். பாதம் அசையவில்லை. இது அவன் சட்டையில்தான் எடுப்பாக இருந்தது என்று தோன்றியது, தோன்றியதும் தரை ஓர் இம்மி இறங்கியது. கழற்றிச் சட்டத்தில் வைத்துக் கண்ணாடியைத் துடைத்தார். அதற்குள் மேல்மாடி ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெத்தைக்காரர் மறுகையால் தட்டினார்.

"அண்ணே, கெளம்பலாமா? மாமா நடைக்குப் போக வாசல்ல நிக்கிறாரு."

"வர்றேன் இரு, என்ன அவசரம். எங்க ஓடிறப் போற?" என்று சொல்லிவிட்டு, பொத்தான்காரர் வாரைக் கையில் எடுத்துக்கொண்டு, படிகள் ஒவ்வொன்றும் நெரிய, ஏறிப் போனார்.